சென்னை – யாழ்ப்பாணம் 355 கி.மீ.தானே, ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

வேளச்சேரி:
அம்மாவோடு அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகிறேன், அங்கே சித்தி வீடு. தூரம் கணக்கிடும் தளத்தில் சென்னை – பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) 355 கி.மீ., ஒரு மணிக்கும் குறைவு என்று வருகிறது. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி. கொழும்புக்கு 645 கி.மீ., அதற்கும் ஒன்றரை மணிக்குள்தான் காட்டுகிறது. நேர வித்தியாசம் ஏதாவது இதில் சேர்கிறதா? பேசாமல் கொழும்பு வழியாகவே போய்விடலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக நேரம் உட்கார முடியாது.

மீனம்பாக்கம்:
நேர வித்தியாசம் கிடையாது, இரண்டு நாட்டிலும் ஒரே கடிகாரம்தான். காரணம் விமானம். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, இறக்கை விசிறி சுற்றுகிற டர்போப்ராப், மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகம். கொழும்புக்குப் பெரும்பாலும் ஜெட், அது 830 வரை போகும். இப்போது வகுத்துப் பாருங்கள்: 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம், 645-ஐ 830-ஆல் வகுத்தால் 47 நிமிடம். தூரம் கிட்டத்தட்டப் பாதி என்றாலும் வித்தியாசம் நாலு நிமிடம்தான்! அந்தத் தளங்கள் எல்லாப் பயணத்துக்கும் ஜெட் வேகத்தையே வைத்துக் கணக்குப் போடுகின்றன, அதனால்தான் உங்களுக்குக் குறைவாகக் காட்டியது. அப்புறம் டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் இல்லை, நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்ததில் தொடங்கி அங்கே போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்குச் சுற்றி வருவது எல்லாம் அதில் அடக்கம்.

கொக்குவில்:
தங்கச்சி, கொழும்பு வழி வேண்டாம். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவில் இறங்கினால் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியால் ஆறு ஏழு மணி நேரம், முழங்கால் வலியோடு அம்மா அதை எப்படித் தாங்குவார்? பலாலியில் இறங்கினால் யாழ் நகரத்துக்குச் சுமார் 16 கி.மீ.தான். 2019-இல் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது எங்கள் ஊர்ச் சனம் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது, அதற்கு முன் பல வருஷம் சென்னையில் இருந்து விமானத்தில் வருகிறவர்கள் கொழும்பைச் சுற்றித்தானே வந்தார்கள்.

வேளச்சேரி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. பலாலிதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் விசிறி விமானம் என்றதும் அம்மா பயப்படுகிறார். படி ஏறுவதும் கஷ்டமாக இருக்குமா?

மீனம்பாக்கம்:
பயப்பட ஒன்றும் இல்லை, குறைந்த தூரத்துக்கும் சின்ன ஓடுபாதைக்கும் என்றே செய்த விமானம் அது, மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் தினமும் ஓடுகிறது. சத்தமும் அதிர்வும் ஜெட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கதவு பின்பக்கம், அதனால் பின்வரிசையில் இருக்கை எடுத்தால் உள்ளே நடப்பது குறையும். படிகள் கொஞ்சம்தான், ஆனாலும் சக்கர நாற்காலி வேண்டும் என்று இப்போதே பதிவு செய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கவுண்ட்டரில் கேட்டால் இழுபறி ஆகும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், அம்மாவை ஒரேயடியாக உட்கார விடாமல் நடுநடுவே கொஞ்சம் நடக்க வையுங்கள்.

கொக்குவில்:
வலது பக்க ஜன்னல் கேளுங்கோ. இறக்கை மேலே இருப்பதால் கீழே மறைக்காது, வானம் தெளிவாக இருந்தால் வேதாரணியம் பக்கக் கரை தெரியும்.