பிபி மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா? வேலூர்ப் பக்கம் நாம் தினமும் பார்ப்பது

செவிலியர், வேலூர்:

"மாத்திர சாப்ட்டுனே இருந்தா கிட்னி பூடுமாமே சிஸ்டர்?" அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் என்று எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், பிபிக்கு மாத்திரை எழுதியதும் கேட்பது இதைத்தான். சிலர் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். கையில் ரிப்போர்ட் இருக்கும். மாத்திரைக்கு முன்னால் கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.0, மூன்று வாரம் கழித்து 1.2. "பாருங்க, ஏறிப்போச்சு."

ஏறும். ஏன் என்று புரியவைத்தால் பயம் தணிகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள், ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக்குழாய்ச் சுருள். ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். கொதிப்பு வருஷக்கணக்கில் இடித்துக்கொண்டே இருந்தால் சுருளுக்குள் அழுத்தம் கூடும், ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும், கடைசியில் சுருள் தழும்பாகிவிடும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகின்றன. ஏரி மதகைக் கொஞ்சம் திறந்தால் கரைமேல் உள்ள பாரம் குறைகிற மாதிரி. அழுத்தம் இறங்கும்போது வடிகட்டும் வேகமும் சற்றுக் குறையும். அந்தச் சற்றுதான் 1.2 ஆகத் தெரிகிறது. கெடுப்பது கொதிப்புதான், மாத்திரை இல்லை.

கணக்கு இதுதான்: தொடங்கியதும், அளவைக் கூட்டியதும், 2 முதல் 4 வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் (இந்த வகை மாத்திரை அதை ஏற்றக்கூடும்) பார்க்க வேண்டும். பழைய எண்ணிலிருந்து 30 சதவீதம் வரை ஏறினால் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. 1.0 இருந்தது 1.5 ஆனால் காரணம் தேட வேண்டும். பேதியா, வலி மாத்திரையா, சிறுநீரகத்துக்குப் போகும் தமனியில் அடைப்பா என்று.

லேப் டெக்னீஷியன், காட்பாடி:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்ற வரம்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அதே 1.1 தான், 30 வயது ஆணுக்கு வடிகட்டும் திறன் (ஈ.ஜி.எஃப்.ஆர்.) சுமார் 93 வரும். 60 வயது அம்மாவுக்கு சுமார் 58 தான் வரும் (கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துக் கணக்கிடும் 2021 சூத்திரப்படி). 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். போடவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம். கிரியேட்டினின் அசையாமல் இருக்கும்போதே கசிவு தொடங்கியிருக்கலாம். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினுக்குக் கீழ் இருந்தால் நல்லது, 300ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. காலையில் முதல் சிறுநீர், நடுவில் பிடித்தது வேண்டும். காய்ச்சல், மாதவிடாய், முந்தின நாள் கடும் உடலுழைப்பு இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

முந்தின ராத்திரி ஆம்பூர் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டுக் காலையில் ரத்தம் கொடுத்தாலும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறித் தெரியும். வெந்த கறியிலிருந்தே அது வருகிறது. பொட்டாசியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கையை இறுகக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி எடுத்த ரத்தத்திலும், குழாயில் அணுக்கள் உடைந்த ரத்தத்திலும் பொய்யாக 5.8, 6 என்று வரும். சீரம் (அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் ரத்த நீர்) இளஞ்சிவப்பாக இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் எண் உண்மையாகவும் இருக்கலாம், அதனால் அன்றைக்கே எடுக்க வேண்டும்.

மருந்தாளுநர், குடியாத்தம்:

பீடி சுற்றுகிறவர்களும் ஷூ கம்பெனியில் தைக்கிறவர்களும் கழுத்துவலி, இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் கேட்டு வருவார்கள். முதலில் நான் கேட்பது: "பிபிக்கு இன்னா மாத்திர?" அட்டையைக் காட்டுவார்கள். டெல்மிசார்டன் 40, பெயருக்குப் பின்னால் 'எச்'. அந்த எச் என்பது ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5, நீர் பிரிக்கும் மருந்து. அது உள்ளே இருப்பது பலருக்குத் தெரியாது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நீர் மருந்து உடம்பின் நீரைக் குறைக்கிறது. டெல்மிசார்டன் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. வரத்தும் குறைந்து, பிடிப்பும் விட்டுப்போனால் சுருளில் வடிகட்ட அழுத்தமே இருக்காது. சித்திரைக் கத்திரி வெயிலில், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவருக்கு இது நாலைந்து நாளில் கிரியேட்டினினைத் தூக்கிவிடும். பழி பிபி மாத்திரைமேல் விழும். வலிக்குப் பாராசிட்டமால் 500 போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வாந்தி, பேதி வந்து சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நாளில் இந்த வகை பிபி மாத்திரை, நீர் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் இவற்றை நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். எதை, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி அட்டையோடு வையுங்கள். குணமானதும் மறுபடி தொடங்க வேண்டும். நிறுத்தியதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உணவு ஆலோசகர், ராணிப்பேட்டை:

உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, எல்லாம் சேர்த்து. ஆடியில் கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுத் துண்டும் மோர்மிளகாயும் ஊறுகாயும் அந்தக் கணக்கை ஒரே வேளையில் தின்றுவிடும். இந்துப்பும் சோடியம்தான், ஏமாற வேண்டாம்.

பயப்பட வேண்டியது 'லோ சோடியம்' உப்புக்கு. அதில் சோடியம் உப்பில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லதே. டெல்மிசார்டன் சாப்பிட்டு, வடிகட்டும் திறனும் குறைந்தவருக்கு ஆபத்து. இளநீரும் அப்படியே. பொட்டாசியம் ஏறியவர்கள் காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கலாம். நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் (2023இல் புவிசார் குறியீடு வாங்கியது) அவர்களுக்கும் ஏற்றது. பொட்டாசியம் சரியாக இருப்பவர்கள் கீரையையும் பழத்தையும் ஒதுக்கத் தேவையே இல்லை, அவை கொதிப்பைக் குறைக்கும்.

சுகாதாரத் தன்னார்வலர், பேரணாம்பட்டு:

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வீடு பிபி பார்க்கிறோம். படியேறி வந்தவரை உடனே அளந்தால் எண் பொய். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரணும், கால் தரையில் பதியணும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கணும், பேசக் கூடாது. அரைமணி நேரம் முன்னால் காபியோ பீடியோ கூடாது. பருத்த கைக்குச் சின்ன பட்டை கட்டினால் எண் கூடித் தெரியும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொதுவாக 130/80க்குக் கீழ் வைக்கப் பார்ப்பார்கள். எழுந்ததும் கிறுகிறுத்தால் அதையும் எழுதுங்கள்.

அக்கா, கால் வீங்கினாலே கிட்னி போச்சு என்கிறார்களே?

செவிலியர், வேலூர்:

முதலில் பிபி மாத்திரையில் அம்லோடிபின் இருக்கிறதா என்று பாரும்மா. அது கணுக்காலில் வீக்கம் தரும். சாயங்காலம் கூடும், படுத்து எழுந்தால் வடியும். காலையில் கண்ணைச் சுற்றி முகம் ஊதி, சிறுநீரில் நுரை நின்றால் சங்கதி வேறு. எதுவானாலும் கிரியேட்டினினோடு ஆல்புமின் விகிதமும் பார்க்க அனுப்பி வை.