இயர்மஃபில் 27 டெசிபல் என்று போட்டிருக்கிறது, அளந்தால் 9 தான் வருகிறது

கேள்வி:
மரம் அறுக்கும் மெஷினோடு எனக்கு வேலை. இயர்மஃப் (காதை மூடும் சத்தத் தடுப்பு) அட்டையில் என்ஆர்ஆர், அதாவது சத்தத்தைக் குறைக்கும் அளவு, 27 என்று போட்டிருக்கிறது. சந்தேகத்தில் போனில் டெசிபல் ஆப்பைத் திறந்து, இயர்போன் மைக்கை கப்புக்குள் விட்டு, கப்பை மேஜையில் அழுத்திப் பிடித்தேன். வெளியே 94, உள்ளே 85. மஃப் போலியா, நான் அளந்த விதம் தப்பா?

பதில் 1:
விதம்தான் தப்பு. மைக் ஒயர் குஷனுக்கு அடியில் போகிறதல்லவா? அந்த இடுக்கு போதும், தாழ்ந்த அதிர்வெண் சத்தமெல்லாம் உள்ளே வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் மனிதக் காதுதான் மீட்டர். அமைதியான அறையில் ஆளை உட்காரவைத்து, வெறும் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலி எது, மஃப் போட்டபின் எட்டுவது எது என்று ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பார்ப்பார்கள். அந்த வித்தியாசம்தான் கணக்கு. என்ஆர்ஆருக்கு 10 பேர், ஆளுக்கு 3 முறை. மாட்டிவிடுவதும் சோதிப்பவரே. வேலையிடத்தில் அவ்வளவு கச்சிதம் எங்கே வரும்?

பதில் 2:
அதனால்தான் அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 27-இல் 7 கழித்து, மீதியைப் பாதியாக்கச் சொல்கிறது. 10 வரும்.

கேட்டவர்:
அப்போ என் 9 சரிதானே!

பதில் 1:
இல்லை, தற்செயல் :) ஓட்டை வழியாக வந்த 9 அது. வீட்டிலேயே பாருங்கள். ஸ்பீக்கரில் ஒலியை வைத்து, காதில் விழாமல் போகும்வரை குறையுங்கள். அந்த அளவைக் குறித்துக்கொண்டு, மஃப் போட்டு மறுபடி. ஒரே அதிர்வெண் உள்ள சுத்தமான டோன் வேண்டாம், தலை கொஞ்சம் நகர்ந்தாலே அளவு மாறும். 250, 500 ஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய அதிர்வெண் பட்டை இரைச்சலை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அப்புறம், கண்ணாடி போடுவீர்களா?

கேட்டவர்:
போடுவேன், தடித்த பிரேம். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் பார்த்தேன். 500-இல் கண்ணாடி இல்லாமல் 24 டெசிபல் வித்தியாசம், போட்டால் 17. 250-இல் 15, போட்டால் வெறும் 8. காதுக்கு மேல் காம்பு போகும் இடத்தில் குஷன் தூக்கிக்கொண்டு நிற்கிறது, விரல் நுனியே நுழைகிறது.

பதில் 2:
காம்பு மெல்லிசான பிரேம் மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் காதுக்குள் செருகும் ஃபோம் பிளக். உருட்டி, இன்னொரு கையால் காதை மேலே பின்னோக்கி இழுத்துச் செருகி, விரியும்வரை அரை நிமிஷம் விரலால் பிடியுங்கள்.

கேட்டவர்:
பிளக்கும் பார்த்தேன். வலது 26, இடது 11. இடதில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பச் செருகியதும் 23.