நாளைக்குக் கையெழுத்து, மார்க் போட்டா முரண்படுது: சிங்கப்பூரில் எந்த வீடு எடுக்க?

காரைக்குடி_புதுவரவு:
வந்து ஒரு மாசம்தான் ஆகுது. நாளைக்குச் சாயங்காலம் வாடகை ஒப்பந்தம், ஏஜென்ட் விடாமக் கூப்பிடுறாரு. மூணு வீடு பார்த்தாச்சு. எது முக்கியம்னு ரெண்டு ரெண்டா ஒப்பிட்டு 1லிருந்து 9க்குள்ள மார்க் போட்டேன். வேலைக்குப் போற தூரத்தைவிட வாடகை 3 மடங்கு, பள்ளிக்கூடத்தைவிட தூரம் 2 மடங்கு. ஆனா வாடகையைவிடப் பள்ளிக்கூடம் 2 மடங்குன்னு வந்து நிக்குது! மார்க்கெல்லாம் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு முட்டுதுன்னு காட்டுற முரண்பாட்டு விகிதம் எக்செல்ல 0.63. தூக்கமே இல்லை. எதை எடுக்க?

தேவகோட்டை_அண்ணன்:
தம்பி, கணக்கை மூடி வைங்க. நான் வந்தப்ப ஒரு ரூம்ல ஆறு பேரு, துணி காயப்போட இடமில்லை. குறைஞ்ச வாடகையா எடுங்க. ஊருக்குப் பணம் அனுப்பணும்ல.

பள்ளத்தூர்_ஆச்சி:
அண்ணன் சொல்றதைக் கேக்காதீங்க. வாடகை மலிவுன்னு தள்ளிப் போயி, பஸ் மாறி ரயில் மாறி வீடு வர ராத்திரி ஆயி, முதல் வருசம் நான் அழாத நாளில்லை. எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்துலதான் எடுக்கணும்.

புதுவயல்_ராமு:
எங்க எடுத்தாலும் கமிஷன், முன்பணம், அதுக்கு மேல முத்திரை வரி! கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பண்ண வந்த நம்ம செட்டிநாட்டு ஐயாக்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில, அதான் தொழில் நடத்துன கட்டடத்துல, கணக்கு எழுதுற பெட்டியடி பக்கத்துலயே படுத்துக்கிட்டாங்க. குடும்பம் ஊர்ல. வீடு தேடுற பாடே இல்லை.

தேவகோட்டை_அண்ணன்:
அதைச் சொல்லுங்க! ஒரு சுவர்க் கறைக்கு என் முன்பணத்துல பாதியைப் பிடிச்சாங்க.

கானாடுகாத்தான்_மீனா:
முன்பணத்தைப் பிறகு பேசுவோம், தம்பிக்கு நாளைக்குக் கெடு.
தம்பி, 3, 2ன்னா வாடகை பள்ளியைவிட 6 மடங்கு வரணும். நீங்க தலைகீழாப் போட்டிருக்கீங்க. இந்த முறையைக் கொண்டுவந்த தாமஸ் சாட்டி 0.10 வரைக்கும்தான் பொறுத்துக்கலாம்னாரு. அதுக்காக 6ன்னு மாத்தி எழுதிராதீங்க. விகிதம் சுத்தமாயிரும், ஆனா அது உங்க முடிவா இருக்காது. மூணு கேள்விக்கும் ஒரே காலத்தை நினைச்சா பதில் சொன்னீங்க? முதல் ரெண்டுல இப்பத் தனியா இருக்கிறவர் பேசுறாரு, மூணாவதுல பிள்ளையோட அப்பா பேசுறாருன்னு எனக்குத் தோணுது. வீட்ல எப்ப வர்றாங்க?

காரைக்குடி_புதுவரவு:
அடுத்த ஜூன்லதான் மீனா ஆச்சி. மக ஊர்ல மூணாவது படிக்குது.

கானாடுகாத்தான்_மீனா:
அங்கதான் முடிச்சு. அரசுப் பள்ளியில வெளிநாட்டுப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு, பிறகு காலியிடத்தைப் பொறுத்துத்தான் இடம். எந்தப் பள்ளின்னு இப்பவே சொல்ல முடியாது. வீவக (அரசு கட்டுற அடுக்குமாடி) வீட்டுக்குக் குறைஞ்ச ஒப்பந்தம் 6 மாசம். 'இந்த ஒப்பந்தம் முடியுற வரைக்கும்'னு தாள்ல மேல எழுதிட்டு, பழைய மார்க்கைப் பார்க்காம மறுபடி போடுங்க. கச்சிதமா 6 வர வேண்டியதில்லை. முதல் ரெண்டு மார்க்கும் அப்படியே இருந்து, வாடகை பள்ளியைவிட 4 மடங்குன்னு வந்தாலே விகிதம் 0.02க்குக் கீழ போயிரும். எடை வாடகைக்கு 62, தூரத்துக்கு 24, பள்ளிக்கு 14 சதவீதம்.
இன்னும் ரெண்டு விஷயம் சேர்த்து அஞ்சாக்கினா 10 ஜோடி வரும், குழப்பமும் கூடும். அப்ப ரொம்ப முக்கியமானது ஒண்ணு, கடைசியானது ஒண்ணு எடுத்து, மத்ததை அந்த ரெண்டோட மட்டும் ஒப்பிடுங்க. 7 ஒப்பீட்டுல முடியும்.
ஜூனுக்கு முன்னாடி முடியுற மாதிரி ஒப்பந்தம் கிடைக்குமான்னு ஏஜென்டை இன்னிக்கே கேளுங்க. முன்பணம் எப்ப, எதைக் கழிச்சுத் திரும்பும்னு எழுத்துல வாங்குங்க. மூணு வீட்டு வாடகையும் ஆபீஸ் எங்கன்னும் இங்க போடுங்க, ராத்திரி பார்த்துச் சொல்றேன்.