படகுக்கு நிதி கொடுக்குமுன் ஒரு வார்த்தை

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

துபாயிலிருந்து பொருளாளர் அண்ணன் வியாழக்கிழமை போட்ட மடலைப் படித்தேன். நம் ஊர் விசைப்படகு இரண்டை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருக்கிறது, ஒன்பது பேர் உள்ளே இருக்கிறார்கள், படகை மீட்கச் சங்க நிதியிலிருந்து மூன்று லட்சம் ஒதுக்கலாமா என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாக எல்லோரும் 'சரி' என்று எழுதிவிட்டீர்கள். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். அந்த ஒன்பது பேர் வீட்டுக்கு என்றால் என் பங்கை இன்றே தருகிறேன். படகுக்கு என்றால் தர மனசு வரவில்லை. ஏன் என்று சொல்லியாக வேண்டும், அதனால் மடல் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் துறைமுகப் படகில் வேலை பார்க்கிறேன். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆளையும் சாமானையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் படகு. 2018 அக்டோபர் 25 அன்று மலேசியா தன் ஜோகூர் பாரு துறைமுக எல்லையைச் சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸ் பக்கம் விரித்தது. டிசம்பர் 6-ல் சிங்கப்பூர் தன் எல்லையை விரித்தது. நேற்றுவரை சாதாரணமாகப் போய்வந்த தண்ணீரில் மலேசிய அரசுக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது, அதைச் சுற்றி சிங்கப்பூர்ப் படகுகள் நின்றன. அந்தப் பக்கம் போகிற நாளெல்லாம் எங்கள் சுக்கானி திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். பிப்ரவரியில் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பல் அங்கே நின்ற மலேசிய அரசுக் கப்பலில் மோதியது. கடைசியில் 2019 ஏப்ரல் 8-ல் இரண்டு நாடும் பழைய எல்லைக்குத் திரும்பின, விஷயம் அடங்கியது.

கிழக்கே பெட்ரா பிராங்கா இருக்கிறது. ஒரு பாறை, அதன்மேல் 1851-ல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். அதைத் தன்னுடையது என்று காட்டி 1979-ல் மலேசியா போட்ட வரைபடத்தில் தொடங்கிய தகராறு அது. 2008 மே 23-ல் ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றம் பாறை சிங்கப்பூருக்கு, பக்கத்து நடுப்பாறைகள் மலேசியாவுக்கு என்று சொல்லி முடித்தது. எல்லாம் காகிதத்திலேயே நடந்தது.

இந்த மாதிரி வழக்குகளைத் தேடிப் படித்தபோது ஒன்று என் மனதில் தைத்தது. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கா இந்தோனேசியாவுக்கா என்று 2002-ல் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் மீனவர்கள் காலம் காலமாக அங்கே தொழில் செய்கிறார்கள் என்றது இந்தோனேசியா. அரசின் சட்டப்படியோ அரசின் அதிகாரத்தின் பேரிலோ நடக்காத வரை, தனியாள் மீன் பிடித்தது நாட்டின் ஆட்சிக்குச் சான்றாகாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆமை முட்டை எடுப்பதற்கு அந்தக் காலத்து ஆட்சி விதி போட்டிருந்ததும், விளக்குக் கோபுரம் கட்டியதும் மலேசியாவுக்குச் சான்றாக நின்றன. என் அப்பா முப்பது வருஷம் வத்தை என்ற சின்ன நாட்டுப்படகில் போய் வலை போட்ட கடல், கோர்ட்டுக் கணக்கில் அவர் போகாத கடல். படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மீனவன் தானாகப் போனால் கணக்கில் வராது, அரசு அனுப்பினால் வரும் என்றால் அரசுகள் என்ன செய்யும்? அதைத்தான் தென்சீனக் கடலில் பார்க்கிறோம். 2021 மார்ச்சில் விட்சன் திட்டுப் பக்கம் 220 சீனப் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டு நிற்கின்றன என்று பிலிப்பீன்ஸ் முறையிட்டது. அவை சீன அரசு அனுப்பிய கடல் ஊர்க்காவல் படை என்றது மணிலா. காற்றுக்கு ஒதுங்கிய மீன்பிடிப் படகுகள் என்றது பெய்ஜிங். போர்க்கப்பல் வந்தால் சண்டை என்று உலகம் கத்தும். மீன்பிடிப் படகு வந்தால் யாரும் சட்டென்று சுட மாட்டார்கள். அதற்காகவே அது முன்னால் நிற்கிறது, பின்னால் கடலோரக் காவல் கப்பல் நிற்கிறது. 2012-ல் ஸ்கார்பரோ திட்டில் சீன மீன்பிடிப் படகுகளைப் பிலிப்பீன்ஸ் கடற்படை சோதனை போடப்போய், சீன அரசுக் கப்பல்கள் குறுக்கே வந்து நின்று, முடிவில் திட்டே சீனாவின் கைக்குப் போனது. இந்தோனேசியாவும் 2020 ஜனவரியில் தன் நத்துனா தீவுக் கடலுக்கு ஜாவாவின் வடகரை மீனவர்களை அனுப்பப்போவதாகச் சொன்னது. எல்லா அரசுக்கும் இந்த எண்ணம் வருகிறது.

2019 ஜூனில் ரீட் மேட்டருகே நங்கூரத்தில் நின்ற ஒரு பிலிப்பீன்ஸ் படகை ஒரு சீனப் படகு மோதிவிட்டுப் போய்விட்டது. 22 பேர் தண்ணீரில் தத்தளித்தார்கள். தூக்கிக் கரைசேர்த்தது ஒரு வியட்நாம் மீன்பிடிப் படகு. அந்தக் கடலில் வியட்நாமுக்கும் பிலிப்பீன்சுக்கும் இடையிலும் எல்லைத் தகராறு உண்டு. கடலில் கிடப்பவனைத் தூக்கும்போது அது அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

இனி நம் கடலுக்கு வருகிறேன். 1974 ஜூன் ஒப்பந்தத்தில் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. 1976 மார்ச் 23 கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் அடுத்த நாட்டுக் கடலில் தொழில் செய்யக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். நம் ஊரில் எவரையும் கேட்டுப் போட்ட கோடு இல்லை. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் நாம் மேடையில் 'பாரம்பரிய உரிமை' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம்? ஸ்கார்பரோ பற்றியும் சேர்த்துப் பிலிப்பீன்ஸ் சீனாமேல் போட்ட வழக்கில் 2016 ஜூலை 12-ல் நடுவர் மன்றம், திட்டு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சுக்கே போகாமல், அங்கே தலைமுறையாகத் தொழில் செய்த பிலிப்பீன்ஸ், சீன, வியட்நாம் மீனவர் எல்லோருக்கும் அந்த உரிமை நிற்கிறது, சீனா தடுத்தது தப்பு என்றது. சீனா அதை ஏற்கவில்லை. அந்த உரிமை பழைய முறையில் சிறிய அளவில் செய்யும் தொழிலுக்குத்தான், பெரிய இயந்திரத் தொழிலுக்கு இல்லை என்றும் மன்றம் பிரித்துச் சொன்னது. நம் கடலுக்கு அந்தத் தீர்ப்பு செல்லாது. அதில் உள்ள நியாயம் செல்லும். அப்பாவின் வத்தைக்கு அந்த உரிமை உண்டு. விசைப்படகு இழுத்துக்கொண்டு போகும், அடிமண்ணோடு வாரி வரும் இழுவை வலைக்கு, நாம் மடி என்று சொல்வதற்கு, எப்படி உண்டு? விசைப்படகு நம் கரையில் பெருகியதே 1960-களுக்குப் பிறகுதானே.

1983-லிருந்து 2009 வரை இலங்கையில் சண்டை. அந்தக் கரைத் தமிழர்களைப் பெரும்பாலும் கடலுக்கு விடவில்லை. அந்த வருஷங்களில் நம் படகுகள் அங்கே நன்றாகப் பாடு பார்த்தன, கடன் வாங்கிப் புதுப் படகு கட்டின. நம் ஊர் மாடி வீடுகளில் பாதி அந்தப் பணம். சண்டை முடிந்து அவர்கள் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்கு வந்தபோது நம் மடி அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

இலங்கை மன்னார் பக்கத்துப் பேசாலையைச் சேர்ந்த ஒரு தம்பி எங்கள் கம்பெனியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குச் சேர்ந்தே போவோம். நான் சீலா என்று காட்டும் மீனை அவர் அறுக்குளா என்பார், கடைக்காரர் பாத்தாங் என்பார். போன மாதம் மீன் வாங்கிவிட்டுக் கோப்பி குடிக்க உட்கார்ந்தபோது போனை நீட்டினார். "அண்ணை, இதைப் பாருங்கோ. அப்பாட நண்டு வலை. உங்கட ஆக்கள்ட ரோலர் ஒரு ராவில இழுத்துக்கொண்டு போயிற்று." ரோலர் என்று அவர் சொன்னது நம் இழுவைப் படகை.

படத்தில் ஒரு வயசானவர் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, தொடைமேல் வலையைப் போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாறையில் மாட்டிக் கிழிந்தால் ஓட்டை கண்டபடி இருக்கும், ஓரம் நைந்திருக்கும். இதில் கண்ணிகள் ஒரே திசையில் இழுபட்டு நீளமாகக் கிழிந்திருந்தன, மேல்கயிறு முறுக்கு அவிழ்ந்து தும்பாகிக் கிடந்தது, மிதப்புகளில் பாதியைக் காணோம். சின்ன வயசில் அம்மாவோடு உட்கார்ந்து வலை பொத்தியவன் நான். அது எதனால் கிழிந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெரியவர் வலை ஊசியைப் பிடித்திருந்த விதம்கூட என் அப்பா பிடிக்கும் விதம்தான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் என்ன செய்வியள் அண்ணை" என்றார்.

நம் படகுகளை எந்த அரசும் அனுப்பவில்லை என்பது உண்மை. கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் வாங்கி, கடன் வாங்கிய டீசலில், கோட்டுக்கு இந்தப் பக்கம் கடல் போதாமல் போகிறார்கள். கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கு என்று 1983 சட்டம், அதைத் தாண்டினால் கொஞ்சத் தூரத்தில் எல்லை. நடுவில் எத்தனை மடிதான் ஓட முடியும்? ஆனால் ராத்திரி வலையை இழந்தவனுக்கு அரசு அனுப்பிய படகானால் என்ன, கடன் அனுப்பிய படகானால் என்ன? இலங்கையில் 2017 ஜூலையிலேயே இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். 2018-ல் வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தையும் கூட்டினார்கள். படகை மீட்டுக் கொடுத்தால் அது அடுத்த வாரம் மறுபடி அங்கேதான் போகும், அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு. இரண்டாம் முறை பிடிபட்டால் ஜெயில். 2024-ல் அப்படித் தண்டனை கொடுத்ததற்காகத்தான் ராமேஸ்வரத்துக்காரர்கள் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். உள்ளே போவது முதலாளி இல்லை, கூலிக்குப் போன நம் பிள்ளைகள்.

என் யோசனை இது. ஒன்பது வீட்டுக்கும் மாசம் பத்தாயிரம் ரூபாய், அவர்கள் திரும்பி வரும்வரை. அந்தப் பக்கம் கோர்ட்டில் ஆஜராக ஒரு வக்கீல் செலவு. மிச்சம் இருந்தால், மடியை விட்டுவிட்டுத் தூண்டில், செவுள்வலை என்று மாற நினைக்கும் படகுக்காரர் யாராவது இருந்தால் அவருக்குக் கைமாற்று. மடியை விட்டவர் ஆழ்கடல் படகு வாங்க அரசு உதவும் திட்டம் 2017-லேயே வந்தது. அப்போது 80 லட்சம் படகு, மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம் தருவதாக இருந்தது. மீதியைப் புரட்ட முடியாமலும், வாரக்கணக்கில் கடலில் கிடந்து பழக்கம் இல்லாததாலும் தயங்குகிறார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நாம் கை கொடுக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. 2014-ல் ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரண்டு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். முடிவு வரவில்லை என்பதற்காகப் பேச்சே வேண்டாம் என்றில்லை. வருகிற ஞாயிறு இங்கே மாலை 5 மணிக்குக் கூடுகிறோம், துபாயில் பகல் 1 மணி, ஊரில் இரண்டரை. பேசாலைத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். பொருளாளர் அண்ணன் அதுவரை பணத்தை அனுப்ப வேண்டாம். படகு முதலாளிகள் இரண்டு பேரையும் ஊரிலிருந்து போனில் சேர்த்துவிடுங்கள், அவர்களும் அந்த வலைப் படத்தைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
மேலத்தெரு வத்தைக்காரர் மகன்,
சிங்கப்பூர்