வேகம் கூட்டினால் ஆம்ப்ஸ் ஏன் ஏறுகிறது?

ஓசூர் சிப்காட் பக்கம் ஜாப் வொர்க் செய்கிறேன். 60 எச்ஆர்சி கடினத்தன்மையுள்ள ஷாஃப்ட் கிரைண்டிங், சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) மணிகள் பதித்த வீல். வீல் வேகத்தை நொடிக்கு 45 மீட்டரிலிருந்து 80க்கு ஏற்றினேன், ஃபீடு (வீல் ஷாஃப்டுக்குள் இறங்கும் வேகம்) பழையபடிதான். விசை குறையும் என்றார்களே, மின்சாரம் ஏன் குறையவில்லை?

பதில்: தம்பி, விசை குறையும்தான். ஆனால் பவர் என்பது விசையும் வேகமும் பெருக்கியது. ஃபீடை ஏற்றாவிட்டால் சில்லு மெலிந்து, மணிகள் வெட்டுவதைவிட உரசுவதே அதிகமாகும். அதே அளவு உலோகத்துக்குக் கூடுதல் ஜூல் போகும். ஃபீடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எரிந்த தடம் இருக்கிறதா என்று நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) கட்டாயம் பாருங்கள்.

இன்னொரு பதில்: வீல் எதையும் வெட்டாமல் சுற்றும்போது எவ்வளவு கிலோவாட் என்று பார்த்தீர்களா? வேகமான வீல் கூலண்டையும் இழுத்துத் தள்ளுகிறது, அது கணிசம்.

அண்ணா, கூலண்ட் பம்புக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போடலாமா?

பதில்: சென்ட்ரிஃபியூகல் பம்ப் (சுழன்று திரவத்தை வீசித் தள்ளும் வகை) என்றால் போடுங்கள். பீஸ் மாற்றும்போது பம்பின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் அதன் பவர் ஏறக்குறையப் பாதியாகும்.