அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1863-லா, 1865-லா? ஒரு டிபன் கேரியர் தகராறு

வினாவாத்தியார்:
எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு வினாடி வினா நடத்தினேன். கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட ஆண்டு எது?" என் தாளில் இருந்த விடை 1863. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 1865 என்றான். தவறு என்று சொல்லிக் கேள்வியை அடுத்த அணிக்குத் தள்ளிவிட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணில் முதல் பரிசான டிபன் கேரியர் கைமாறிவிட்டது. மூன்று நாளாகப் பையனின் அப்பா லிஃப்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் செய்தது சரியா?

பழம்பஞ்சாங்கம்:
பையன் பக்கம்தான் நியாயம், சார். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் கையெழுத்திட்டது விடுதலைப் பிரகடனம். அது நாடு முழுவதற்குமான சட்டம் அல்ல. பிரிந்துபோய்ப் போர் தொடுத்த தென் மாநிலங்களின் அடிமைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். லிங்கன் பக்கமே நின்ற டெலாவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி நான்கிலும் அடிமை முறை சட்டப்படியே தொடர்ந்தது. நாடு முழுக்க ஒழித்தது அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம். பிரதிநிதிகள் சபையில் 1865 ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற வாக்கில் தேறியது. போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது டிசம்பர் 6 அன்று. அதைப் பார்க்க லிங்கன் இல்லை. ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டு மறுநாள் காலை இறந்துவிட்டார்.

கலகக்காரன்:
நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். அந்தப் பிரகடனம் ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். தன் அதிகாரம் செல்லாத இடத்தில் விடுதலை, செல்லும் இடத்தில் பழைய கதை. 1861-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வேறொரு திருத்தத்தை நிறைவேற்றியது தெரியுமா? மாநிலங்களில் இருக்கும் அடிமை முறையில் மத்திய அரசு எக்காலத்திலும் கை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். லிங்கன் தன் பதவியேற்பு உரையிலேயே அதற்கு ஆட்சேபம் இல்லை என்றார். மாநிலங்கள் ஏற்றிருந்தால் அதுதான் 13-ஆவது திருத்தம் ஆகியிருக்கும்! 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதியதையும் படியுங்கள். ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது பிளவுபடாத அமெரிக்காவை, காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்கிறார். இவரா விடுதலை வீரர்?

ஓலைச்சுவடி:
கலகக்காரரே, பாதிக் கதையைச் சொல்லாதீர்கள். அந்தக் கடிதத்தின் தேதி 1862 ஆகஸ்ட் 22. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் படித்துக் காட்டிவிட்டார். தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் கையாலாகாதவன் புலம்பல் போல இருக்கும், ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சிவர்ட் சொன்னதால் தள்ளிப்போட்டார். செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம் சண்டை; அவர் காத்திருந்த வெற்றி அதுதான். ஐந்தாவது நாள் பிரகடனத்தின் முன்னறிவிப்பு வெளியானது. அதாவது முடிவை எடுத்துவிட்டு, வெள்ளைக்கார வாக்காளர்களைத் தயார்படுத்த எழுதிய கடிதம் அது.

"தன் அதிகாரம் செல்லாத இடத்தில்" என்பதும் தவறு. தென் கரோலினாவின் போர்ட் ராயல் தீவுகள் 1861 நவம்பரிலேயே வடக்கின் கைக்கு வந்துவிட்டன. பண்ணை முதலாளிகள் ஓடிப்போனார்கள். அடிமைகள் சுமார் 10,000 பேர் அங்கேயே இருந்தார்கள். 1863 புத்தாண்டு அன்று ஓக் மரங்களுக்கு அடியில் கூட்டம் கூட்டிப் பிரகடனத்தைப் படித்தார்கள். கறுப்பினச் சிப்பாய்கள் சீருடையில் அணிவகுத்து நின்றார்கள். அவர்களிடம் போய் "இது வெறும் காகிதம்" என்று சொல்லிப் பாருங்கள்.

விசுவாசமான நான்கு மாநிலங்களை ஏன் விட்டார்? அன்றைய அரசியல் சட்டப்படி அங்கே கை வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. படைத் தலைவர் என்ற முறையில் எதிரியின் பலத்தைப் பறிக்கலாம், அவ்வளவுதான்.

மலர்விழி:
மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதத்தைப் படித்தவர்கள் அவரை இப்படிப் பேச மாட்டார்கள். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் வருடாவருடம் வாசிப்போம்.

பழம்பஞ்சாங்கம்:
அம்மா, வருத்தப்படாதீர்கள். அந்தக் கடிதம் அவர் எழுதியதே அல்ல. தொகுக்கப்பட்ட அவருடைய எழுத்துகளில் அது கிடையாது, மூலப் பிரதியும் கிடையாது. நல்ல கடிதம்தான், கையெழுத்துதான் வேறு யாருடையதோ.

கலகக்காரன்:
ஓலைச்சுவடி, நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், அது போர்த் தந்திரம் என்று. என் கேள்வி வேறு: விடுதலையைத் தொடங்கிவைத்தது யார்?

1861 மே மாதம். வர்ஜீனியாவில் மன்றோ கோட்டை வடக்கின் வசம் இருந்தது. ஒரு நாள் இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் தப்பி அங்கே வந்தார்கள். தென்படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களைப் போட்டிருந்தார்கள். மறுநாளே எஜமானரின் ஆள் வெள்ளைக் கொடியோடு வந்து, தப்பி வரும் அடிமைகளைத் திருப்பித் தரச் சொல்லும் உங்கள் நாட்டுச் சட்டப்படி மூவரையும் கொடுங்கள் என்றார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் ஒரு வக்கீல். வர்ஜீனியா தன்னை வேற்று நாடு என்கிறதே, வேற்று நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று திருப்பிக் கேட்டார். எதிரியின் போர்ச் சரக்கு என்று கணக்கு வைத்து மூவரையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார். "சரக்கு" என்ற சொல் கேவலம்தான். ஆனால் செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். பிரகடனத்துக்கு ஒன்றரை வருடம் முன்னால் இது. முதல் அடி எடுத்துவைத்தது அந்த மூன்று பேர்; வாஷிங்டன் பின்னால் வந்தது.

ஓலைச்சுவடி:
இதை மறுக்க மாட்டேன். படகில் ஏறியது அவர்கள் துணிச்சல். ஆனால் பட்லரின் முடிவை லிங்கன் ரத்துசெய்யவில்லை, அதையும் கணக்கில் எழுதுங்கள். அப்புறம், பிரகடனம் கறுப்பின ஆண்களைப் படையில் சேர்க்க வழி திறந்தது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். ஊரார் வீட்டு நெய்யால் இது நடக்குமா?

கலகக்காரன்:
அந்தச் சிப்பாய்களுக்கு 1864 வரை வெள்ளைச் சிப்பாயைவிடக் குறைந்த சம்பளம். அதே லிங்கன் 1862 ஆகஸ்டில் கறுப்பினத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நீங்கள் வேறு நாட்டுக்குக் குடிபோவது இரு தரப்புக்கும் நல்லது என்றவர். ஹெய்ட்டி பக்கத்தில் ஒரு தீவுக்கு 450 பேரை அனுப்பி, அவர்கள் பட்டினியிலும் நோயிலும் சிக்கி, 1864-இல் கப்பல் விட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

ஓலைச்சுவடி:
உண்மை. மோசமான யோசனை. அதற்குப் பிறகு அவர் மாறினார் என்பதுதான் என் கட்சி. 1865 ஏப்ரல் 11 அன்று பேசிய கடைசி உரையில், படித்த கறுப்பினத்தவருக்கும் சிப்பாய்களாக இருந்தவர்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றார். கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத் நின்றிருந்தான். மூன்று நாளில் சுட்டான்.

பழம்பஞ்சாங்கம்:
நீங்கள் இருவரும் லிங்கனின் மனசாட்சியைத் தோண்டுகிறீர்கள். வாத்தியார் கேட்டது ஆண்டை. கென்டக்கியிலும் டெலாவேரிலும் மிஞ்சியிருந்த அடிமைகளுக்கு 1865 டிசம்பரில்தான் விடுதலை. அந்த இரண்டு மாநிலங்களும் திருத்தத்தை நிராகரித்தவை என்பது வேடிக்கை. டெலாவேர் 1901-இல் ஒப்புக்கொண்டது, கென்டக்கி 1976-இல். மிசிசிப்பி 1995-இல் வாக்களித்தது. அதற்கான தாளை முறைப்படி பதிவுசெய்தது 2013-இல்! ரொம்பக் கறாராகப் போனால், சோக்டா, சிக்கசா பழங்குடியினரின் நிலத்தில் அடிமை முறை முடிந்தது 1866 ஒப்பந்தத்தால். பையன் அதைச் சொல்லியிருந்தால் நானே டிபன் கேரியர் வாங்கித் தந்திருப்பேன்.

வினாவாத்தியார்:
சரி, தோற்றேன். இன்று சாயங்காலமே மதிப்பெண்ணைத் திருத்திவிடுகிறேன். அதே தாளில் இன்னொரு கேள்வியும் இருந்தது, அதற்கும் இப்போதே திட்டிவிடுங்கள்: "ரயிலில் போகும்போது பழைய உறையின் பின்பக்கத்தில் லிங்கன் எழுதிய உரை எது?" விடை கெட்டிஸ்பர்க் உரை.

பழம்பஞ்சாங்கம்:
அதுவும் கட்டுக்கதைதான், சார். 1863 நவம்பர் 19-இல் பேசிய அந்த உரையின் முதல் பக்கம் வெள்ளை மாளிகைக் கடிதத்தாளில் மையால் எழுதப்பட்டு இன்றும் இருக்கிறது. உறையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்கு மதிப்பெண் வாங்கியது எந்த அணி?

வினாவாத்தியார்:
அதே பையன்தான்.