கம்போங் கிளாம் அடிமைப்பெண் கதைகள்: எங்கே சறுக்குகிறது?

பிடோக் வாசகி:
சிங்கப்பூரின் பழைய சுல்தான் வட்டாரமான கம்போங் கிளாமை வைத்து எழுதும் கதைகளில் முதலில் சறுக்குவது ஆண்டு. 1833இல் லண்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததுமே நாயகிக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊர்களைச் சேர்க்கவே இல்லை. சிங்கப்பூர் அப்போது கம்பெனி ஊர். கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கான சட்டம் 1843இல்தான் வந்தது. ஆனால் இங்கே ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ் 1823லேயே விதி போட்டார்: 29 ஜனவரி 1819க்குப் பின் வந்த எவரையும் அடிமையாகக் கருத முடியாது. எனவே “இவள் எந்தத் தேதியில் வந்தாள்?” என்பதுதான் வழக்கு. எஜமான் பொய் சொல்ல வேண்டிய இடமும் அதுவே.

ஈசூன்காரன்:
சரிதான் அக்கா. ஆனால் அடிமை என்ற சொல்லைப் பிடுங்கினால் எஜமான் ‘கடன்’ என்பான். மலாயில் ஓராங் பெர்ஹுத்தாங், கடனுக்குக் கட்டுப்பட்டவர். எவ்வளவு உழைத்தாலும் அசல் குறையாது, அதுதான் சூட்சுமம். கணக்கை யார் வைத்திருக்கிறார், புதுச் சாரோங்கின் விலை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று காட்டுங்கள், சவுக்கே வேண்டாம். கப்பல் கட்டணக் கடனை உழைத்து அடைக்க வந்தவருக்கு 1823 விதியில் வரம்பு உண்டு: கடன் 20 வெள்ளிக்கு மேல் கூடாது, அதற்குப் பெரியவர்கள் 2 ஆண்டு உழைத்தால் போதும், மாஜிஸ்திரேட் முன்னால் ஒப்பந்தம். வெள்ளி என்றால் ஸ்பானிய வெள்ளி, இன்றைய நம் வெள்ளி அல்ல.

ஜூரோங் ஆசிரியை:
சுல்தான் ஹுசேன் காலத்துக் காட்சியைக் கம்போங் கிளாமில் இன்று நிற்கும் இஸ்தானா (அரண்மனை) கட்டடத்தில் வைக்காதீர்கள். அது அவர் மகன் அலி காலத்தது. ஹுசேன் 1835இலேயே மலாக்காவில் இறந்துவிட்டார்.

எஜமானின் சோகக் கண்களைப் பார்த்து மயங்கும் நாயகி எனக்கு ஒப்பவில்லை. அக்கால மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா (நாகூர்ப் பக்கத்துத் தமிழ் ரத்தமும் உள்ளவர்) தன் வாழ்க்கை வரலாறான ஹிக்காயத்தில் எழுதியதைப் படியுங்கள். சுல்தானின் வளாகத்திலிருந்து 27 இளம்பெண்கள் தப்பிப் போலீஸிடம் வருகிறார்கள். உடம்பில் சூட்டுக் காயமும் அடித்த தழும்பும். ரெசிடெண்ட் (கம்பெனியின் தலைமை அதிகாரி) கிராஃபர்ட் அந்தப் பெண்களைத் திருப்பி அனுப்ப மறுக்கிறார். சுல்தானுக்குக் கோபம். மயக்கம் எழுத விரும்புவோர் அந்தத் தழும்பு எந்த இடத்தில் என்று முதலில் முடிவு செய்யட்டும்.

ஈசூன்காரன்:
ஒரு சின்னத் திருத்தமும். 1823 கதையில் இந்தியக் கைதிகள் சாலை போடுவதாக எழுதாதீர்கள். சுமத்ராவின் பென்கூலனிலிருந்து அவர்கள் வந்ததே 1825இல்.